முதல் வரியில் எந்தப் பல்கலைக்கழகம்?

மலேசியாவில் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை படிக்க விரும்பும் பிள்ளைக்கு, இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களின் அழைப்புக் கடிதங்களையும் மேசைமேல் வைத்துக்கொண்டு எதை ஏற்பது என்று யோசிக்கும் நிலை பொதுவாக வருவதில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யுபியு வழியாக விண்ணப்பிப்பவர் 12 தெரிவுகளை விருப்ப வரிசையில் எழுதித் தருகிறார். கடைசியில் அவருக்கு வருவது ஒரே ஓர் இடம். ஆகவே "மலாயாவா, யுஎஸ்எம்மா?" (கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழகமா, பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமா) என்ற கேள்விக்கு நாம் விடை சொல்லும் நேரம், பட்டியலின் முதல் வரியை நிரப்பும்போதே வந்துவிடுகிறது. அழைப்பு வந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடும் பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அந்த வரி எப்படி நிரப்பப்பட்டது என்பதை எழுதிவைத்தால் அடுத்த ஆண்டு எழுதப் போகிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் பினாங்கில், பாயான் பாருவில் இருக்கிறோம். மகள் ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்டிபிஎம்மை அறிவியல் பிரிவில் எழுதியவள். பாட்டியின் நீரிழிவு மாத்திரைகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் வாரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பெட்டியில் போடும் பொறுப்பைச் சிறு வயதிலேயே எடுத்துக்கொண்டவள் என்பதாலோ என்னவோ, மருந்தியல் படிக்க வேண்டும் என்பதில் அவளுக்கு ஐயமே இருந்ததில்லை. படிப்பு எது என்று முன்பே முடிவாகியிருந்தது பெரிய வசதி. பல்கலைக்கழகத்தை முதலில் பிடித்துவிட்டு, அங்கே என்ன கிடைக்கிறதோ அதைப் படிப்போம் என்று தொடங்கும் குடும்பங்களில் வாதம் எளிதில் முடிவதில்லை, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவர்களிடம் பெயரைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை.

பெயர் என்று வந்துவிட்டால் எங்கள் உறவினர் வட்டத்தில் மலாயாவுக்குத்தான் ஓட்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1905இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியைத் தன் தொடக்கமாகக் கணக்கிடும் பல்கலைக்கழகம் அது. 1949இல் அந்த மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. 1962இல் கோலாலம்பூர்ப் பிரிவு தனிப் பல்கலைக்கழகம் ஆனது. தமிழர்களுக்கு அதன்மேல் உள்ள பற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்திய ஆய்வியல் துறை அங்கே இருக்கிறது. தனிநாயகம் அடிகள் பணியாற்றிய இடம் அது. முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல் அங்கேதான் நடந்தது. செந்தூலில் இருக்கும் என் அக்கா இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி, "நம்ம வீட்டுப் பிள்ளை ஒண்ணாவது மலாயாவுல படிக்கட்டும்டா தம்பி" என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் முடிப்பார். இவை அனைத்தும் உண்மை, பெருமைக்குரியவையும்கூட. ஆயினும், மருந்தின் வேதியியலைப் படிக்கப் போகும் பெண்ணுக்கு இவற்றால் என்ன கிடைக்கும் என்று அக்காவிடம் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

அதற்குப் பதிலாக நான் தரவரிசையைப் பார்க்கத் தொடங்கினேன். 2025ஆம் ஆண்டுக்கான கியூஎஸ் பட்டியலில் மலாயா உலக அளவில் 60ஆம் இடத்தில் இருந்தது. யுஎஸ்எம் 146ஆம் இடத்தில் இருந்தது. இடைவெளி பெரிதாகத் தெரிந்தது. பிறகு அந்த எண்கள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்று படித்தேன். நூற்றுக்கு 30 விழுக்காடு, கல்வியாளர்களிடையே பல்கலைக்கழகத்துக்கு உள்ள நற்பெயருக்குப் போகிறது; 15 விழுக்காடு முதலாளிகளிடையே உள்ள நற்பெயருக்கு; 20 விழுக்காடு ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதற்கு. எஞ்சியவற்றில் வெளிநாட்டு விரிவுரையாளர்கள், வெளிநாட்டு மாணவர்கள், அனைத்துலக ஆய்வுத் தொடர்புகள், நீடித்த வளர்ச்சி என்று பலவும் பங்கு பெறுகின்றன. இளங்கலை மாணவரின் வகுப்பறைக்கு ஓரளவு நெருக்கமானது, விரிவுரையாளர் ஒருவருக்கு எத்தனை மாணவர் என்னும் விகிதம். அதற்குக் கிடைப்பது 10 விழுக்காடு. அதுவும் பல்கலைக்கழகம் முழுவதற்குமான சராசரி. தரவரிசை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகிறவர் அதைக் கவனமாகப் பார்க்கலாம். முதலாம் ஆண்டு மாணவி எந்த ஆய்வகத்தில், எத்தனை பேருடன், யாரிடம் படிப்பாள் என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

மருந்தியலைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. இங்கே மருந்தாளராகப் பணிபுரிய வேண்டுமானால் மலேசிய மருந்தியல் வாரியத்தில் பதிவு பெற வேண்டும். அந்த வாரியம் இரண்டு பல்கலைக்கழகங்களின் பட்டங்களையும் ஏற்கிறது. இரண்டிலும் நான்கு ஆண்டுப் படிப்பு. அதன்பின் இருவருக்கும் ஒரே மாதிரியான ஓராண்டுப் பயிற்சி, ஒரே சட்டத் தேர்வு. அரசாங்க மருத்துவமனைகளில் 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்களையும் மருந்தாளர்களையும் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கும் முறை வந்துவிட்டதால், பட்டம் வாங்கியவுடன் நிரந்தரப் பணி என்ற பழைய நம்பிக்கை எந்தப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைக்கும் இல்லை. வெளியேறும் வாசல் இரண்டிற்கும் ஒன்றே என்றால், உள்ளே இருக்கும் நான்கு ஆண்டுகளை மட்டும் ஒப்பிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. உங்கள் பிள்ளை எடுக்கும் படிப்புக்கும் இப்படிப் பொதுவான ஒரு வாசல் இருக்கிறதா என்பதை முதலில் கண்டறியுங்கள். மருத்துவம், பொறியியல், சட்டம் போன்றவற்றுக்கு உண்டு. வணிக நிர்வாகத்துக்கும் சமூக அறிவியலுக்கும் இல்லை. அப்படி இல்லாத துறைகளில் பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் கூடுதல் எடை கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு இரண்டு வளாகங்களையும் நேரில் பார்த்தோம். மலாயாவின் வளாகம் கோலாலம்பூரும் பெட்டாலிங் ஜெயாவும் சந்திக்கும் இடத்தில், பந்தாய் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் இரயிலில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். கேஎல் சென்ட்ரலில் இறங்கி எல்ஆர்டியில் யுனிவர்சிட்டி நிலையம், அங்கிருந்து பேருந்து. மருத்துவப் புலத்தை ஒட்டியே பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம் இருக்கிறது. மருந்தியல் படிப்பு 1990களில் அந்த மருத்துவப் புலத்தின் கீழ்தான் தொடங்கப்பட்டது. இன்று அது தனிப் புலம். நோயாளியின் படுக்கையருகே நின்று மருந்தைப் பற்றிக் கற்பதற்கு அதைவிட வசதியான அமைப்பு இந்த நாட்டில் அதிகம் இல்லை என்பது அங்கே போன அரை நாளிலேயே புரிந்தது. மகளுக்கும் அது பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது.

யுஎஸ்எம் எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரம்தான் என்றாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று அதுவரை நான் கேட்டறிந்ததில்லை. பினாங்குப் பாலத்துக்குப் போகும்போது குன்றின்மேல் தெரியும் இடம் என்ற அளவுதான் என் அறிவு. 1969இல் தொடங்கப்பட்டு, பிறகு மின்டெனில் இருந்த பழைய பிரிட்டிஷ் இராணுவ முகாமுக்கு மாறிய பல்கலைக்கழகம் அது. மருந்தியல் பள்ளி 1972இலேயே ஆரம்பமாகிவிட்டது. நாட்டில் அந்தப் படிப்பை முதலில் தொடங்கியது யுஎஸ்எம்தான் என்பதை, இங்கேயே பிறந்து வளர்ந்த நான் என் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தேசிய நச்சு மையம் அந்த வளாகத்தில் இருக்கிறது: பிள்ளை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டது, யாரோ பூச்சிமருந்தை உட்கொண்டுவிட்டார் என்று நாடு முழுவதிலிருந்தும் மருத்துவர்கள் அழைத்து ஆலோசனை கேட்கும் இடம் அது. போதைப்பொருள் ஆய்வு மையமும் அங்கேதான். வடமாநிலங்களில் நாம் அடிக்கடி கேள்விப்படும் கெத்தும் (ketum) என்னும் போதை தரும் இலையைப் பற்றிய ஆய்வுகள் பல அங்கிருந்து வந்தவை. அதே சமயம் யுஎஸ்எம்மின் முதன்மைப் போதனா மருத்துவமனை பினாங்குத் தீவில் இல்லை, கிளந்தானில் இருக்கிறது. மருத்துவமனைப் பயிற்சிக்கு மின்டென் மாணவர்கள் வளாகத்தைவிட்டு வெளியேதான் போக வேண்டும். இது மலாயாவோடு ஒப்பிடும்போது உண்மையான குறைதான். மகள் தன் குறிப்பேட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

கிளந்தான் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். யுஎஸ்எம் என்றால் பினாங்குத் தீவு என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதன் பொறியியல் வளாகம் பெருநிலத்தில், நிபோங் தெபாலில் இருக்கிறது. மருத்துவம், பல்மருத்துவம் ஆகியவற்றை உள்ளடக்கிய சுகாதார வளாகம் கிளந்தானில், குபாங் கெரியானில். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பிள்ளை வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று எண்ணிப் பொறியியலை முதல் தெரிவாகப் போட்டுவிட்டு, இடம் கிடைத்த பிறகு வரைபடத்தை விரித்துப் பார்த்தது. பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதுமுன் அந்தப் படிப்பு நடக்கும் வளாகத்தின் ஊரைப் பாருங்கள். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யுகேஎம்மும் அப்படித்தான்: தலைமை வளாகம் பாங்கியில், ஆனால் மருந்தியல் கோலாலம்பூரில், ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜீஸில்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அரசாங்கம் மானியம் தருவதால் கல்விக் கட்டணத்தில் இரண்டுக்கும் இடையே எங்கள் முடிவை மாற்றும் அளவுக்கு வேறுபாடு இல்லை. வேறுபாடெல்லாம் வாழ்க்கைச் செலவில். முதலாம் ஆண்டில் பெரும்பாலும் விடுதி கிடைத்துவிடுகிறது. அதன்பின் கிடைக்குமா என்பது பிள்ளை எந்த அளவுக்கு விடுதி நடவடிக்கைகளில் கலந்துகொள்கிறாள் என்பதையும் பொறுத்தது. கிடைக்காவிட்டால் மலாயாவின் அருகே பந்தாய் டாலாமிலோ கெரிஞ்சியிலோ அறை வாடகை என்ன, யுஎஸ்எம் பக்கம் சுங்கை டுவாவில் என்ன என்று மாணவர்களிடமே கேட்டு, மூன்றாம் ஆண்டுச் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தோம். முதலாம் ஆண்டுச் செலவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கோலாலம்பூர் மலிவாகத் தெரியும். கடன் தேவைப்படுகிறவர்கள் அரசாங்கத்தின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன்னுக்கு விண்ணப்பிக்கும் முன் அதன் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கைத் திறந்துவைத்துக்கொள்வது நல்லது. பதிவு வாரத்தில் அதற்காக ஓடுவது தேவையற்ற அலைச்சல்.

வீட்டில் உண்மையான வாதம் வேறொன்றைப் பற்றி நடந்தது. என் மனைவிக்கு யுஎஸ்எம்தான் பிடித்திருந்தது. காரணம், மகள் இரவு வீட்டுக்கு வந்துவிடுவாள். எனக்கு மலாயா பிடித்திருந்ததற்கும் அதுவேதான் காரணம், எதிர்த் திசையில்: பிள்ளை ஒருமுறையாவது வீட்டைவிட்டு வெளியே போய் நிற்கட்டும் என்று எண்ணினேன். இருவரும் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசுவதுபோல் அவளுடைய படுக்கையறையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அதைப் பிரித்து வைத்தவள் மகள்தான். "அப்பா, யுஎஸ்எம் கெடச்சாலும் நான் ஹாஸ்டல்லதான் இருப்பேன். அம்மா, சனி ஞாயிறு வீட்டுக்கு வந்துடுவேன், சரியா?" என்றாள். எங்கே படிப்பது என்பதும் எங்கே தங்குவது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்றானதும் பேச்சு சுலபமாயிற்று. பல வீடுகளில், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில், இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால், பிள்ளை வீட்டைவிட்டு வெளியேறுவதற்காகவே தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்தைக் கேட்கிறாளா, அந்தப் படிப்புக்காகக் கேட்கிறாளா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

இரண்டு இடத்திலும் படிக்கும் மூத்த மாணவர்களிடம் அவள் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன. "நல்லாயிருக்கா அண்ணா?" என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவள், போன வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை எத்தனை மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். எந்தப் பாடத்தில் அதிகம் பேர் தவறினார்கள், தவறியவர்களுக்கு அடுத்து என்ன நடந்தது, ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர், இறுதியாண்டு ஆய்வுக்கு மேற்பார்வையாளரை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா அவர்களாகவே கொடுத்தார்களா என்றெல்லாம் விசாரித்தாள். முதலாம் ஆண்டு மாணவரைவிட மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களே பயனுள்ள விடைகளைத் தந்தார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இன்னும் சேர்ந்த மகிழ்ச்சியிலேயே இருந்தார்கள். மலாயாவில் படிக்கும் ஓர் அக்கா மருத்துவமனைப் பயிற்சியைப் பற்றிச் சொன்னவை மகளை வெகுவாகக் கவர்ந்தன. யுஎஸ்எம்மில் ஓர் அண்ணன், நச்சியல் பாடத்தையும் தான் செய்யவிருக்கும் ஆய்வையும் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். திரும்பி வரும் வழியில் மகள் பேசியதெல்லாம் இரண்டாவதைப் பற்றியே.

இனி அந்தப் பட்டியல். எஸ்டிபிஎம் மாணவருக்குத் தகுதிப் புள்ளி, கல்விக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10 என்று கணக்கிடப்படுகிறது. நான்கு பாடங்களின் சராசரியை 4.00ஆல் வகுத்து 90ஆல் பெருக்க வேண்டும். நான்கிலும் ஏ வாங்கியவருக்கு 90. மூன்றில் ஏ, ஒன்றில் மட்டும் ஏ மைனஸ் என்றால் 88க்குச் சற்று மேல். அதாவது ஒரு பாடத்தில் ஒரு படி இறங்கினால் ஏறத்தாழ இரண்டு புள்ளிகள் போகின்றன. புறப்பாடத்தில் 10க்கு 7 வாங்கிய மாணவருக்கும் 9 வாங்கிய மாணவருக்கும் இடையே உள்ளதும் அதே இரண்டு புள்ளிகள். மருந்தியல் போன்ற படிப்புக்குப் போட்டியிடுகிறவர்கள் எல்லோரும் உச்சியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால், அந்த இரண்டு புள்ளிகள் இடத்தைத் தரவும் செய்யும், பறிக்கவும் செய்யும். ஆறாம் படிவத்தில் கழகக் கூட்டத்துக்குப் போவதை நேர விரயம் என்று சொல்லும் பெற்றோர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். யுபியுவின் இணையத்தளம் ஒவ்வொரு படிப்புக்கும் முந்தைய ஆண்டின் சராசரித் தகுதிப் புள்ளியைக் காட்டுகிறது. அது சராசரிதானே தவிர, குறைந்தபட்ச எல்லை அன்று. சராசரிக்குச் சற்றுக் கீழே இருக்கும் பிள்ளை பயந்துபோய் அந்தப் படிப்பை நீக்கிவிட வேண்டியதில்லை.

மகள் தன் பட்டியலில் யுஎஸ்எம் மருந்தியலை முதலிலும், மலாயா மருந்தியலை இரண்டாவதாகவும், யுகேஎம் மருந்தியலை மூன்றாவதாகவும் வைத்தாள். எனக்கு முதல் இரண்டையும் மாற்றிப் போட ஆசை இருந்தது என்பதை மறைக்கவில்லை. அவளிடம் காரணம் கேட்டேன். நச்சியலில் ஆர்வம், ஆய்வு செய்யும் வாய்ப்பு, மருத்துவமனைப் பயிற்சியைப் பட்டம் முடிந்த பின் வரும் ஓராண்டிலும் பெறலாம் என்ற கணக்கு என மூன்றையும் சொன்னாள். தரவரிசையைவிடத் தெளிவான காரணங்கள் அவை. மேற்கொண்டு நான் பேசவில்லை.

நாங்கள் நீண்ட நேரம் செலவிட்டது நான்காம் வரியிலிருந்து பன்னிரண்டாம் வரி வரைக்கும்தான். இதைப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிவிடுகிறார்கள். முதல் மூன்றும் நழுவினால் பிள்ளையின் அடுத்த சில ஆண்டுகளை முடிவு செய்வது அந்த ஒன்பது வரிகளில் ஒன்று. "மலாயா" என்ற பெயருக்காக விருப்பமில்லாத படிப்பொன்றை நான்காம் வரியில் எழுதிவிட்டு, அதுவே கிடைத்ததும் வருந்திய மாணவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: இந்த ஒன்று மட்டும் கிடைத்தால் சிரித்த முகத்தோடு போய்ச் சேருவேன் என்று அவளால் சொல்ல முடியாத எதையும் எழுதக் கூடாது. அந்த விதியின்படி, பெரிய பெயர்கொண்ட பல்கலைக்கழகங்களின் படிப்புகள் சில வெட்டுப்பட்டன. அவ்வளவாகப் பெயர் அடிபடாத பல்கலைக்கழகங்களின் உயிர்மருத்துவ அறிவியல், உணவுத் தொழில்நுட்பம் போன்றவை உள்ளே வந்தன. மேல்முறையீடு இருக்கிறதே என்ற நம்பிக்கையில் பட்டியலை எழுதாதீர்கள். நல்ல மதிப்பெண் பெற்று மேல்முறையீட்டிலும் இடம் கிடைக்காத பிள்ளைகளின் கதைகள் ஒவ்வோர் ஆண்டும் நம் நாளிதழ்களில் வருகின்றன.

முதல் வரியே கிடைத்தது. இப்போது அவள் முதலாம் ஆண்டில், தேசாசிஸ்வா என்று அங்கே அழைக்கப்படும் விடுதி ஒன்றில் இருக்கிறாள். சொன்னபடி சனிக்கிழமை வருகிறாள், பெரும்பாலும் துவைக்க வேண்டிய துணிகளோடு. மலாயாவுக்குப் போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமா என்று அக்கா கேட்கும்போது, மருத்துவமனைச் சூழலில் அங்கே கூடுதலாகக் கிடைத்திருக்கும், தமிழ்ப் பேரவை போன்ற அமைப்பு ஒன்றில் அவள் மகிழ்ச்சியாகப் பங்கெடுத்திருப்பாள் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கிடையே மகளின் தம்பி ஆறாம் படிவம் சேர்ந்துவிட்டான். அவனுக்குச் சட்டம் படிக்க ஆசை. யுஎஸ்எம்மில் சட்டப் படிப்பு இல்லை என்பதால் எங்கள் வீட்டின் பழைய கேள்வி அவனுக்கு எழவே இல்லை. மலாயாவின் சட்டப் புலம் 1972இலிருந்து இயங்குகிறது. பாங்கியில் யுகேஎம்மின் சட்டப் புலம் இருக்கிறது. இரண்டின் பட்டதாரிகளும் சிஎல்பி என்னும் சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வு எழுதாமலே வழக்கறிஞர் பயிற்சியைத் தொடங்கலாம், ஆகவே இங்கும் வெளியேறும் வாசல் ஒன்றுதான். எங்கே படித்தாலும் இந்த முறை பிள்ளை இரவு வீட்டுக்கு வர முடியாது என்பதை மனைவி ஏற்றுக்கொண்டுவிட்டார். பாங்கியில் படிக்கும் மாணவர் யாரையாவது தெரியுமா என்று அவன் தன் அக்காவிடம் கேட்டிருக்கிறான். அவளும் தன் பழைய கேள்விகளை அவனுக்கு அனுப்பியிருக்கிறாள்.